ஹெலிகாப்டர் இறங்கும்போது எழும் ஓசை

புது தில்லியில் குடியரசு தின அணிவகுப்பைக் கண்டவர்கள், தலைக்கு மேலே மலர் தூவிச் செல்லும் ஹெலிகாப்டர்களை மறந்திருக்க மாட்டார்கள். மும்பையில் ஜூஹூ விமான தளத்தை அடுத்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ அது ஆண்டுக்கொரு முறை காணும் காட்சியன்று. கடலிலுள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குப் பணியாளரை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அத்தகைய இடங்களில் வசிப்போர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். உயரத்தில் நேராகப் பறந்து செல்லும்போது அதன் ஓசை ஒருவிதம். தரையை நோக்கி மெல்லச் சரிந்து இறங்கும்போது வேறுவிதம். யாரோ ஈரத்துணியைக் கல்லில் அறைந்து துவைப்பது போன்ற 'தப், தப்' ஓசை அப்போது எழுகிறது. இறங்கும் வேளையில் இயந்திரத்துக்கு வேலை குறைவே. அப்படியிருக்க, இரைச்சல் மட்டும் கூடுவானேன்?

விடை காணுமுன் ஒரு சொல்லைத் தீர்மானித்துக் கொள்வோம். ஹெலிகாப்டரின் தலைமீது சுழலும் உறுப்பைச் 'சுழலி' என்று அழைக்கலாம். அதிலுள்ள நீண்ட தகடுகளைக் கலைச்சொல் பட்டியல்கள் 'அலகு' என்கின்றன. வீட்டு மின்விசிறியைப் பழுதுபார்க்க வருபவரோ 'இறக்கை' என்கிறார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இவ்விஷயத்தில் மின்விசிறிக்காரரின் பக்கமே நிற்கிறோம்.

சுழலியின் இறக்கை நுனி மணிக்கு 750 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுவதாகக் கொள்வோம். ஹெலிகாப்டர் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே செல்கிறது. அப்போது, ஒரு பக்கத்தில் முன்னோக்கி வரும் இறக்கையின் நுனியை 1,000 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்கொள்கிறது. மறுபக்கத்தில் பின்னோக்கிச் செல்லும் இறக்கை நுனிக்குக் கிட்டுவது 500 கிலோமீட்டர் வேகமே. இறக்கையைத் தூக்கும் விசை காற்றின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே, சாய்வுக் கோணம் ஒன்றேயானால், நுனிகளில் ஒரு பக்கத்துத் தூக்குவிசை மறுபக்கத்தைப்போல் நான்கு மடங்காகிவிடும். அந்த ஊர்தி முன்னேறத் தொடங்கியதுமே பக்கவாட்டில் கவிழ வேண்டியதுதான்.

கவிழவும் செய்தது. ஸ்பெயின் நாட்டுப் பொறியியலாளர் ஹுவான் தெ லா சியர்வா, ஹெலிகாப்டருக்கு முன்னோடியான 'ஆட்டோஜைரோ' என்னும் ஊர்தியை அமைக்க முயன்றார். அதன் சுழலியை இயந்திரம் சுற்றுவதில்லை. பனையோலைக் காற்றாடியைப் போல் அது காற்றினாலேயே சுழலும். அவருடைய முதல் ஊர்திகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தன. ஆனால் அவர் செய்திருந்த சிறிய மாதிரி மட்டும் செம்மையாகப் பறந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, மாதிரியின் இறக்கைகள் வளையும் பிரம்பினால் ஆனவை என்பது புலப்பட்டது. பெரிய ஊர்தியின் இறக்கைகளோ விறைப்பானவை. உடனே அவர் ஒவ்வோர் இறக்கையின் அடியிலும் ஒரு கீலைப் பொருத்தினார். வேகக் காற்றைச் சந்திக்கும் இறக்கை மேலெழுந்து, தன் தூக்குவிசையைத் தானே குறைத்துக்கொண்டது. மறுபக்க இறக்கை தாழ்ந்து, தன் விசையைக் கூட்டிக்கொண்டது. 1923 ஜனவரியில் அவருடைய ஊர்தி கவிழாமல் பறந்தது. 1928-இல் ஆங்கிலக் கால்வாயையே அத்தகைய ஊர்தியில் அவர் கடந்தார்.

பெங்களூரில் 1970-களில் தயாரிக்கத் தொடங்கிய 'சீட்டா' ஹெலிகாப்டரிலும் இத்தகைய கீல்கள் உண்டு. 1992-இல் முதன்முறையாகப் பறந்த 'துருவ்' ஹெலிகாப்டரிலோ அந்தக் கீல் இல்லை. கூட்டிழைப் பொருளே வளைந்து அந்த வேலையைச் செய்கிறது. பிரம்பின் குணம் வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது எனலாம்.

விமானி ஊர்தியைச் செலுத்துவதும் இதே வழியில்தான். ஒரு சாய்தட்டின் உதவியால், ஒவ்வோர் இறக்கையும் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அதன் கோணம் கூடிக் குறையுமாறு செய்கிறார். இதில் ஒரு விந்தை உண்டு. சுழலியின் முன்பக்கம் தாழ வேண்டுமாயின், கோணத்தை முன்பக்கத்தில் குறைத்துப் பயனில்லை. சுழலும் பொருள், தூண்டுதலுக்கு ஏறக்குறையக் கால் சுற்று கழித்தே இணங்கும். ஆதலால் இறக்கை முன்னேறி வரும் பக்கவாட்டிலேயே கோணத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இனி ஓசைக்கு வருவோம். ஒவ்வோர் இறக்கை நுனியும் தனக்குப் பின்னால் கயிறு போன்றதொரு காற்றுச் சுழலை விட்டுச் செல்கிறது. நேராகப் பறக்கையில் அச்சுழல்கள் கீழே தள்ளப்பட்டுவிடும். ஆனால் சுமார் 6 பாகைச் சரிவில் இறங்கும்போது அவை சுழலியின் மட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. பின்வரும் இறக்கை அவற்றின்மீது மோதுகிறது. கணப்பொழுதில் அழுத்தம் மாறுகிறது. அந்த மோதலே நாம் கேட்கும் அறை ஓசை. ஹெலிகாப்டர்கள் வழக்கமாகத் தரையை அணுகும் சரிவும் இதுவேயாகும். ஆகவே, வீடுகள் நெருங்கிய இடத்திற்கு மேலேதான் ஓசை உச்சத்தை எட்டுகிறது.

இதனை அடக்கும் ஆராய்ச்சிகளில் ஒன்று நாம் அறியத்தக்கது. ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் விஞ்ஞானிகள் நெதர்லாந்திலுள்ள பெரும் காற்றுச் சுரங்கத்தில் 1994-இலும் 2001-இலும் கூடிச் சோதனை நடத்தினார்கள். நான்கு மீட்டர் விட்டமுள்ள மாதிரிச் சுழலியில், வழக்கமான கோண மாற்றத்தோடு, ஒரு சுற்றுக்கு மூன்று முறை ஒரு பாகைக்கும் குறைந்த நடுக்கத்தையும் கூட்டினார்கள். அவ்வளவு சிறிய அசைவே இறக்கைக்கும் சுழலுக்கும் இடைவெளி உண்டாக்க, ஓசை தணிந்தது. எனினும் ஓசை மிகக் குறைந்த நிலை வேறு, ஊர்தியின் அதிர்ச்சி மிகக் குறைந்த நிலை வேறு என்றும் தெரிந்தது. வெளியே வசிப்பவரின் செவிக்கு இதமானது உள்ளே அமர்ந்தவரின் உடலுக்கு இதமாக அமையவில்லை. இந்தச் சங்கடத்தை ஒளிக்காமல் வெளியிட்டதே அச்சோதனையின் சிறப்பு என்பது நம் கருத்து.

வேறு சிலர் இறக்கையின் உருவையே மாற்றினர். 2015-இல் முதலில் பறந்த 'எச் 160' ஹெலிகாப்டரின் இறக்கை, நுனிக்கருகில் முன்னே வளைந்து பிறகு பின்னே மடங்குகிறது. அதனால் இறக்கை சுழல்மீது ஒரே கணத்தில் முழு நீளத்துக்கும் அறையாமல், சிறிது சிறிதாக வெட்டிச் செல்கிறது. ஓசை மூன்று டெசிபெல் குறைவதாகத் தயாரிப்பாளர் கூறுகின்றனர். ஒலியின் ஆற்றல் பாதியாகிறது என்பது அதன் பொருள். செவிக்கு அது பாதியாகத் தோன்றாது. விளம்பரங்கள் இவ்வேறுபாட்டை எளிதில் மறந்துவிடுகின்றன.

புதிய இறக்கைக்குக் காத்திராமலும் ஓரளவு செய்யலாம். இன்னும் செங்குத்தான சரிவில் இறங்கினால் காற்றுச் சுழல்கள் சுழலிக்கு மேலே விலகிவிடும். வேகத்தையும் சரிவையும் தேர்ந்து, வீடுகளைக் கடந்த பின்னரே அந்த 6 பாகைக்கு வரும்படி விமானி பாதையை வகுத்துக்கொள்ளலாம்.