படகின் அதிர்வும் நெகிழ் பிணைப்பும்

மெர்சிங் துறையிலிருந்து தியோமான் தீவுக்குப் படகேறிச் செல்வோர், காலடிப் பலகை முதல் சன்னற் கண்ணாடி வரை யாவும் நடுங்கக் காண்பர். இந்நடுக்கம் செவிக்கும் உடலுக்கும் தொல்லை தருவதோடு நிற்பதில்லை. அது திருகாணிகளைத் தளர்த்தும். எண்ணெய்க் குழாய்களை ஒழுக விடும். நாளடைவில் படகினுள் நீர் புகவும் வழி செய்யும். இதனைக் குறைக்க இயந்திரத்துக்கும் சுழல்விசிறித் தண்டுக்கும் இடையே வைக்கப்படும் உறுப்பே நெகிழ் பிணைப்பு. பட்டறைகளில் இதனைக் ‘கப்ளிங்’ என்பர். இவ்வுறுப்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் அதிர்வின் பிறப்பிடத்தை அறிதல் வேண்டும். நாலடி இயக்க டீசல் இயந்திரத்தில், ஓர் உருளையில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கிறது. ஒற்றை உருளை இயந்திரம் நிமிடத்திற்கு 1500 முறை சுழன்றால் 750 வெடிப்புகள் நிகழும். அதாவது நொடிக்குப் பன்னிரண்டரை. ஒவ்வொரு வெடிப்பும் தண்டுக்கு ஓர் உதை. இரு வெடிப்புகளுக்கு இடையே தண்டு சற்றே தளர்கிறது. ஆகவே, சீராகச் சுழல்வதாகக் கண்ணுக்குத் தோன்றும் தண்டு உண்மையில் திணறித் திணறியே சுழல்கிறது.

இவ்வுதை படகின் உடலுக்குச் செல்லாதிருக்க, இயந்திரத்தை ரப்பர்த் தாங்கிகள்மீது அமர்த்துவர். அவற்றின்மேல் அமர்ந்த இயந்திரத்துக்கும் ஊஞ்சலைப்போல் தனக்கே உரிய ஆட்டம் ஒன்று உண்டு. அது நொடிக்கு 6 எனக் கொள்வோம். 1500 சுற்றில் வெடிப்பு அதனினும் இருமடங்கு விரைவாக வருவதால், உதையின் மூன்றில் ஒரு பங்களவே படகைச் சேரும். ஆனால் வேகம் 720 சுற்றுக்கு இறங்கினால் வெடிப்பும் நொடிக்கு 6 ஆகிவிடும். அப்போது இரண்டும் ஒன்றுகூடி ஆட்டம் பெருகும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். விரைந்து செல்கையில் அமைதியாக இருக்கும் படகு, துறையை நெருங்கி வேகம் தணிகையில் குலுங்குவதன் காரணம் இதுவே.

இனி, இயந்திரம் ரப்பரின்மேல் அசைகிறது; தண்டோ படகின் அடியில் பொருத்திய குழலுக்குள் அசையாது நிற்க வேண்டும். அசைவதையும் அசையாததையும் இரும்பால் இறுகப் பிணைத்தால் ஒன்று மற்றொன்றை முறிக்கும். எனவே இடையில் நெகிழ்ச்சி தேவையாகிறது. இதனின்றும் ஒரு விதி பெறப்படும்: மென்தாங்கியும் நெகிழ் பிணைப்பும் இணை பிரியாதவை. இயந்திரத்தை மரத்தோடு இறுக முடுக்கிவிட்டு நெகிழ் பிணைப்பை மட்டும் இட்டால், தண்டின் திணறல் சிறிது தணியுமேயன்றி, இயந்திரத்தின் கால்கள் வழியே அதிர்வு படகுக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

பால்மரம் சீவிய குடும்பங்களிலிருந்து வந்த நம் மாணவர்க்கு இங்கே ஒரு செய்தி உண்டு. மீண்டும் மீண்டும் வளைந்து நிமிரும் இத்தகைய பணிக்கு இயற்கை ரப்பர் மிகவும் ஏற்றது. ஆயினும் டீசலும் எண்ணெயும் அதற்குப் பகை. அவை பட்டால் ஊதி மென்மையாகிக் கெடும். ஆகையால் எண்ணெய் சொட்டுமிடத்தில் செயற்கை ரப்பரை இடுவர். அல்லது தாங்கியின்மீது உலோக மூடி வைப்பர்.

நெகிழ் பிணைப்பைப் பற்றி மக்களிடையே பரவியுள்ள தவறான எண்ணம் ஒன்று உண்டு. ‘வளைந்து கொடுப்பதுதானே அதன் வேலை? தண்டு சற்றுக் கோணலாக இருந்தால் என்ன?’ என்பர். கோணலாக நிற்கும் பிணைப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. நிமிடத்திற்கு 1000 சுற்றென்றால் ஒரு மணி நேரத்தில் 60,000 மடிப்பு! ரப்பர் சூடேறி வெடிக்கும். தண்டு குழலின் ஒரு பக்கத்தைத் தேய்க்கும். நீர்த்தடை அடைப்பு தேய்ந்து கடல்நீர் உள்ளே கசியும்.

ஆகவே முதலில் நேர்ப்படுத்துதல் வேண்டும். நெகிழ் உறுப்பைக் கழற்றி, இரு வட்டத் தகடுகளையும் நெருங்க வைத்து, மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களில் இடைவெளியை அளவுத்தகட்டால் பார்ப்பர். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகட்டில் வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. பின்னர்த் தண்டின் தகட்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். அகன்ற இடைவெளி அதே இடத்தில் நின்றால் இயந்திரம் கோணல். தகட்டோடு சேர்ந்து சுற்றி வந்தால் தண்டோ தகடோ வளைந்துள்ளது. இச்சோதனையைப் படகு நீரில் மிதக்கும்போதே செய்ய வேண்டும். கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்திய படகின் உடல், மிதக்கையில் உள்ள வடிவத்தில் இராது.

பெருங்கோணம் வேண்டுமிடத்தில், 17ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் ஆராய்ந்த இணைமூட்டைப் பயன்படுத்துவதுண்டு. அதிலும் ஒரு குறை உண்டு. 10 பாகைக் கோணத்தில், ஒரு பக்கம் சீராக 1000 சுற்றில் ஓடினால், மறுபக்கத்தின் வேகம் 985க்கும் 1015க்கும் இடையே ஊசலாடும். ஒத்த கோணத்தில் இரண்டாவது மூட்டை முறைப்படி அமைத்தால் இவ்வூசலாட்டம் நீங்கும்.

தமிழ்நாட்டுக் கரையிலே வேறொரு வழி கையாளப்பட்டது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அலை மோதும் மணற்கரையில் ஏறும் படகுக்குச் சுழல்விசிறி மேலே எழ வேண்டும். அத்திட்டத்தார் 1980களில், இயந்திரம், தண்டு, சுழல்விசிறி ஆகியவற்றை ஒரே தொகுதியாக்கி, முழுவதும் சேர்ந்து சாயும் அமைப்பை உருவாக்கினர். தண்டை மடக்காமல் அனைத்தையும் சேர்த்து உயர்த்திய அறிவு பாராட்டத்தக்கது.

உயிர் காக்கும் குறிப்பொன்றும் இங்குக் கூறத்தக்கது. படகைப் பின்னோக்கிச் செலுத்தும்போது சுழல்விசிறி தண்டை வெளியே இழுக்கிறது. அவ்வேளையில் பிணைப்பு அறுந்தால் தண்டு நழுவிக் கடலுள் போய்விடலாம். அதன் துளை வழியே வெள்ளம் உட்புகும். ரப்பர் அறுந்தாலும் உலோகப் பகுதிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிணைப்பையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். படகினுள் தண்டின்மீது ஒரு வளையத்தை இறுக்கி வைத்தாலும் அது தண்டு நழுவாமல் தடுக்கும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பில் எளிதில் விளக்கலாம். இரண்டு பென்சில்களின் முனைகளை ஒரு துண்டு ரப்பர்க் குழாயால் இணையுங்கள். நேராகப் பிடித்து ஒன்றைச் சுழற்றினால் மற்றொன்று இலேசாகச் சுழலும். சிறிது சிறிதாகக் கோணத்தைக் கூட்டச் சொல்லுங்கள்; ரப்பர் எதிர்த்துத் தள்ளுவதை மாணவன் தன் விரல்களிலேயே உணர்வான். நெகிழ்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டென்பது அவனுக்கு அப்போது விளங்கும்.