அனுமதியின்றி எழுந்த அறை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்து மழை இரவொன்றில், எமது தாயார் வளவின் கோடியிலிருந்த மலசலகூடத்துக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியாமற் போனது தெய்வச் செயல். எண்பது வயதைத் தாண்டிய ஒருவரை இனியும் இருளில் நடக்கவிடுதல் தகாது என்று அன்றே முடிவு செய்தோம். தைப்பொங்கல் கழிந்த கையோடு மேசனார் வந்தார். வீட்டின் பின்சுவரை ஒட்டிப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. அதற்கும் பின்னால் ஒரு சிறு மலசலகூடம். அனுமதி எடுக்கவேண்டாமோ என்று நாம் ஒரு பேச்சுக்குக் கேட்டோம். “உங்கடை வளவுக்குள்ளை, உங்கடை காசிலை கட்டுறியள். ஆர் கேக்கப்போகினம்?” என்றார் மேசனார். அந்த விடையே எமக்கு வேண்டியதாயிருந்தபடியால் அதனை நம்பினோம்.

கூரைக்கு மரம் ஏறிய அன்று கேள்வி வந்தது. உள்ளூராட்சி சபையின் சேவகர் கொண்டுவந்த அறிவித்தலைத் தாயாரே கையொப்பமிட்டு வாங்கியிருந்தார். அனுமதியற்ற கட்டட வேலையை உடன் நிறுத்துக; குறித்த திகதிக்கு முன் கட்டியதை அகற்றுக; தவறின் நீதவான் நீதிமன்றில் வழக்குத் தொடரப்படும் என்பது அதன் சாரம். “எனக்காகவோ உந்த வழக்கு?” என்று மாத்திரம் கேட்டுவிட்டு அவர் தமது பழைய அறைக்குட் போய்ப் படுத்துக்கொண்டார்.

எமக்கு முதலில் எழுந்தது அச்சமன்று, கோபமே. பெட்டிசம் எழுதியவர் யார்? பின்வேலிக்கு அப்பாலிருக்கும் மாமியைத் தவிர அவ்வேலையைக் காணக்கூடியவர் எவருமில்லை. அவ்வேலியில் ஒரு பொட்டு உண்டு. கறிவேப்பிலையும், கூழ்ச் சட்டியும், திவச நாட்களிற் படைத்த பலகாரமும் நாற்பது ஆண்டுகளாக அதன் வழியேதான் போய் வந்தன. அன்று மாலையே ஒரு கிடுகை வைத்து அதனை அடைத்தோம். அதனைச் செய்தது நாமே என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் எமது சின்னையாவிடம் ஓடினோம். சட்டத்தரணி ஒருவரிடம் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். தாயாரின் வயதையும், விழுந்த கதையையும் சொன்னால் நீதவான் இரங்கமாட்டாரோ என்று கேட்டோம். சின்னையா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “கோட்டிலை முதல் கேக்கிறது, செல்லுபடியான அனுமதிப் பத்திரம் இருக்கோ எண்டுதான். இல்லையெண்டால் இடிக்கச் சொல்லிக் கட்டளை வரும். அங்கை போறதுக்கு முன்னம் கந்தோருக்குப் போங்கோ” என்றார்.

சட்டம் இரண்டு என்பதை அவர் வாயிலாகவே அறிந்தோம். ஒன்று, ஆங்கிலேயர் காலத்தில் இயற்றப்பட்ட 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். அதற்கு முந்திய ஆண்டிலேதான் கொழும்பிற் பிளேக் நோய் தலைகாட்டியிருந்தது. வீட்டுக்குட் காற்றும் வெளிச்சமும் புகவேண்டும், கழிவு விலகிப் போகவேண்டும் என்பதே அச்சட்டத்தின் கவலை. மற்றையது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். அபிவிருத்திப் பிரதேசமெனப் பிரகடனஞ் செய்யப்பட்ட இடங்களில், அனுமதியின்றிக் கட்டியவருக்கு ஏழு நாளுக்குக் குறையாத தவணையிட்டு அறிவித்தல் கொடுக்க அதன் 28அ பிரிவு இடந்தருகின்றது. எமது வளவு இரண்டுக்கும் உட்பட்டது.

சின்னையா சொற்படி வேலையை அன்றே நிறுத்தினோம். தவணைக்கு முன்னரே, அறிவித்தல் கிடைத்ததையும், வேலை நின்றதையும், உரிய வரைபடத்துடன் அனுமதி கோர எண்ணியிருப்பதையும் எழுதி, நேரிற் கொண்டுசென்று கொடுத்தோம். பிரதியொன்றிலே திகதி முத்திரை குத்தி வாங்கவும் மறக்கவில்லை. பேசாதிருந்து திகதியைக் கடக்கவிடுபவரே பெரும்பாலும் நீதிமன்ற வாசலைக் காண்கின்றனர் என்று சின்னையா சொல்லியிருந்தார்.

கந்தோரில் எம்மை எதிர்கொண்ட தொழில்நுட்ப உத்தியோகத்தர் இளைஞர். நாம் சண்டைக்கு ஆயத்தமாய்ப் போயிருந்தோம். அவரோ இருக்கை தந்தார். பெட்டிசம் எழுதியவர் யாரென்று கேட்டதும் சிரித்தார். “ஒருதரும் எழுதேல்லை. ஒழுங்கையிலை வாய்க்கால் அளக்க வந்தனான். புதுச் சுவர் தெரிஞ்சுது.” அடைத்த கிடுகு எம் கண்முன் வந்து நின்றது.

பின்னர் அவர் கூறியதே இக்காரியத்தின் சூக்குமம். கட்டிமுடிந்த பின்னரும் அனுமதி கோரலாம். வழக்கமான கட்டணத்துக்கு மேல் இன்னொரு தொகையும் செலுத்தவேண்டும். ஆனால் முன்னரே கேட்டிருந்தால் எதனைத் தந்திருப்பார்களோ, அதனையே பின்னரும் தருவர். பணங் கட்டினால் எதுவும் நேராகிவிடும் என்பது வீண் எண்ணம்.

காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், சோலைவரி செலுத்திய பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒரு வாரத்திற் சேர்த்தோம். தகுதிபெற்ற படவரைஞர் ஒருவர் பழைய வீட்டையும் புதிய பகுதியையும் ஒருங்கே அளந்தார். அறை தப்பியது. மலசலகூடம் தப்பவில்லை. சிறிய வீடாயினும் பின்னெல்லையில் 2.3 மீற்றர், ஏறக்குறைய ஏழரை அடி, வெறுமையாய் விடப்படவேண்டும். எமது மலசலகூடத்தின் சுவரோ வேலிக்கு மூன்றடியில் நின்றது. அதனை இடிக்காமல் வரைபடம் தேறாது என்றார் படவரைஞர். புதுச் சீமெந்தின் மணம் அப்போதும் அச்சுவரில் இருந்தது.

அதற்கும் அப்பால் ஒரு தவறு இருந்தது. அதனைக் கண்டவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவர் சுவரைப் பார்க்கவேயில்லை. கழிவுக் குழியின் விளிம்பில் நாடாவை வைத்து, வேலிக்கு அப்பாலுள்ள மாமியின் கிணற்றுவரை அளந்தார், தலையை அசைத்தார். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லாத குடாநாடு எம்முடையது. மழையாய் விழுந்து சுண்ணக்கற் பாறைக்குட் தங்கும் நீரையே கிணற்றில் அள்ளுகின்றோம். அப்பாறையோ வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. மணல் வடிப்பதுபோல அது வடிக்காது. குழியில் விட்டது விரைவிற் கிணற்றுக்குப் போய்விடும். இதனை அவர் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எமக்குச் சொன்னார். குடாநாட்டிலே பிறந்து வளர்ந்த எமக்கு அதுவும் வேண்டியிருந்தது.

மாமி கிணற்றடியில் வாளியோடு நின்றார். பரிசோதகர் போனபின் வேலியோரம் வந்தார். “நான் ஒண்டும் எழுதேல்லைப் பிள்ளை. குழி வெட்டேக்கை சொல்லவேணும் எண்டுதான் நினைச்சன். அக்கா விழுந்தவா எண்டு பேசாமல் விட்டிட்டன்.” அதுவரை அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தீர்களோ என்று கேட்டோம். “கொதிக்கவைச்சுக் குடிச்சனாங்கள்” என்றார். எமக்கு மறுமொழி வரவில்லை.

மறுநாள் மலசலகூடத்தை இடிப்பித்தோம். குழியையும் மூடி, வரைபடத்தை மாற்றி, எவருடைய கிணறும் அண்மையில் இல்லாத முன்பக்கச் சிறகில் அறையோடு சேர்த்து அதனை அமைத்தோம். தூரம் போதுமா என்பதைப் பரிசோதகரே அளந்து ஒப்பினார். முதலிலே கேட்டுக் கட்டியிருந்தால் ஒரு மலசலகூடத்தின் செலவோடு முடிந்திருக்கும். இப்போது இரண்டு கட்டி, ஒன்றை இடித்த கூலியும் கொடுத்தோம். மேசனாரும் இடிப்பு வேலைக்கு வந்தார். அனுமதியைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை, நாமும் திறக்கவில்லை.

அனுமதி கைக்கு வரச் சில மாதங்கள் சென்றன. அது ஓராண்டுக்கே செல்லுமாதலால் எஞ்சிய வேலையைத் தாமதியாமல் முடித்தோம். முடிந்ததும் இணக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என்று சபை சான்று தந்த பின்னரே கட்டடத்திற் குடிபுகலாம் என்பது சட்டம். வீட்டை ஈடுவைக்கவோ விற்கவோ முயலும் நாளில் வங்கியார் கேட்பதும் அக்கடதாசியையே.

சான்றிதழ் வந்த வெள்ளிக்கிழமை தாயார் புதிய அறைக்கு மாறினார். அவருடைய கட்டிலைப் பின்யன்னல் ஓரமாய்ப் போட்டோம். வேலியடைப்புக் காலம் வந்தபோது பழைய கிடுகுகளைக் கழற்றிப் புதியன கட்டினோம். பொட்டு இருந்த இடத்தை மட்டும், தாயார் யன்னலால் பார்த்திருந்து, முன்னையிலும் ஒரு சாண் அகலமாக விடச் சொன்னார். வேலை முடியுமுன்னரே மாமி அதனூடாக ஒரு சட்டி கூழை நீட்டிவிட்டார்.

வரைபடத்தில் அப்பொட்டு குறிக்கப்படவில்லை. அதைப்பற்றி இன்றுவரை எவரும் அறிவித்தல் அனுப்பவுமில்லை.