பார்த்தவர் யார்?

காற்று அல்சூர் பக்கமிருந்து அடித்தால், விடிகாலையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் சென்டரின் பிகில் மர்பி டவுனில் எங்கள் மாடிவரை கேட்கும். ராணுவத்தில் 24 வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். துப்பாக்கியைவிட டைப்ரைட்டரைத் தொட்டதுதான் அதிகம். 'அமரன்' படம் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண் அதனால்தானோ என்னவோ நேராக என்னிடம் வந்தாள்.

"தாத்தா, முகுந்த் சாருக்கு ஏன் பரம்வீர் சக்ரா குடுக்கல?"

அந்தப் படம் சொல்லும் மேஜர் முகுந்த் வரதராஜனுக்குக் கிடைத்தது அசோக சக்ரா. வரிசையில் பரம்வீர் சக்ராவுக்கு அடுத்து நின்றாலும், சமாதான காலத்தில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. பரம்வீர் சக்ராவுக்கு 'எதிரியின் முன்னிலையில்' என்று ஒரு நிபந்தனை உண்டு. அதற்காகப் போரை முறைப்படி அறிவித்திருக்க வேண்டும் என்றில்லை. 1987இல் சியாச்சின் பனியில் போரிட்டதற்காகப் பாணா சிங் வாங்கினார். அதே வருஷம் நவம்பர் 25இல் இலங்கையில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் சுட்டவனின் துப்பாக்கியையே பிடுங்கிச் சுட்டுவிட்டு உயிர் விட்டார்; அவருக்கும் பரம்வீர் சக்ராதான். சொந்த நாட்டுக்குள் தீவிரவாதிகளோடு நடக்கும் சண்டையோ அசோக சக்ரா கணக்கில் போகும்.

இந்தக் கோடு வெள்ளைக்காரன் காலத்திலேயே உண்டு. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ. கண்ணிவெடி தேடிக்கொண்டிருந்த எங்கள் தம்பிகளில் ஒருவர் (மெட்ராஸ் சாப்பர்களைத் தம்பி என்பதுதான் வழக்கம்) சுபேதார் சுப்பிரமணியன். வெடிக்கப்போன கண்ணியின் மேல் விழுந்து, கூட இருந்தவர்களைக் காத்துத் தான் இறந்தார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். விக்டோரியா கிராஸ் எதிரிக்கு நேரெதிரே காட்டிய வீரத்துக்கு மட்டும்.

"சரி தாத்தா, யாரு முடிவு பண்றாங்க?"

ஜனாதிபதிதான். ஆனால் அவர் கையெழுத்துக்கு முன்னால் காகிதம் ஏற வேண்டிய படிகள் ஏராளம். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று பட்டாலியன் கமாண்டர் எழுதுவார். அதற்குப் பெயர் சைட்டேஷன். நேரில் கண்டவர்களின் வாக்குமூலம் அதோடு போகும். பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட், ராணுவத் தலைமையகம், பாதுகாப்பு அமைச்சகம். எந்தப் படியிலும் பதக்கம் ஒரு சுற்று சின்னதாகலாம். கடைசியில் அரசிதழ்.

பரம்வீர் சக்ராவை 1950 ஜனவரி 26இல் நிறுவி, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்றார்கள். இன்றுவரை வாங்கியவர்கள் 21 பேர்தான். 14 பேர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 15 என்று ஆகியிருக்கும். கார்கிலில் யோகேந்திர சிங் யாதவ் இறந்துவிட்டதாகவே அறிவித்தார்கள். மனிதர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இறந்தது அதே பட்டாலியனில் அதே பெயர்க்காரர். கிளார்க்குகள் அந்தச் செய்தியைச் சிரிக்காமல் படிப்போம்.

"யாருமே பாக்கலைன்னா?"

நான் இருந்த ஒரு யூனிட்டில் ஒரு பையனுக்காக மூன்று கார்பன் வைத்து சைட்டேஷன் அடித்தேன். பரம்வீர் இல்லை, அதைவிடச் சின்னது. நாலு மாதம் கழித்து ஃபைல் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி: நேரில் கண்டவர் பெயர்?

அங்கே எழுத எங்களிடம் இருந்த ஒரே பெயர், அவன் பக்கத்திலேயே செத்துக் கிடந்தவனுடையது.