கொரோனா நச்சுயிரியும் மருந்தாய்வும்

2019ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களின் இறுதியில், சீன நாட்டின் ஊகான் நகரில் காரணம் அறியப்படாத நுரையீரல் அழற்சி பரவுவதாக உலகிற்குச் செய்தி எட்டியது. ஓராண்டு நிறைவதற்குள் அந்நோய்க்குரிய சோதனையும் தடுப்பூசியும் ஓரளவு மருந்தும் மக்களை வந்தடைந்தன. முன்னாளில் ஒரு தடுப்பூசி உருவாகப் பத்தாண்டும் அதற்கு மேலும் ஆவது இயல்பு. மிக விரைவில் உருவானதாகப் பேசப்பட்ட பொன்னுக்குவீங்கித் தடுப்பூசிக்கே, 1963 முதல் 1967 வரை நான்காண்டு தேவைப்பட்டது. இவ்விரைவைக் கண்டு வியந்தோரும் உண்டு, ஐயுற்றோரும் உண்டு. அவசரத்தில் ஆக்கிய ஊசியை எங்ஙனம் நம்புவது என்று நம் ஊர்களிலும் பலர் வினவினர். தள்ளத்தக்க வினாவன்று அது. ஆதலின் இப்பணிகள் நடந்தேறிய முறையை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

முதற்கண் வேண்டப்பட்டது சோதனையே. காய்ச்சலும் இருமலும் பல நோய்களுக்குப் பொதுவானவை. வெளிக்குறி கொண்டு இந்நோயைப் பிரித்தறிதல் அரிது. 2003ஆம் ஆண்டில் பரவிய சார்ஸ் நோயின் நச்சுயிரியை நன்கு ஆராய்ந்திருந்தவர் பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனைப் பேராசிரியர் கிறித்தியான் துரோசுடன். புதிய நோயும் அவ்வினத்தைச் சார்ந்ததே என்னும் செய்தி கேட்டதும், அவர்தம் குழுவினர் பழைய நச்சுயிரிகளின் மரபு வரிசையைக் கொண்டே சோதனையை வகுக்கத் தொடங்கினர். 2020 சனவரி 11ஆம் நாளளவில் சீன அறிஞர்கள் புதிய நச்சுயிரியின் முழு மரபு வரிசையை வெளியிட்டனர். ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்டது அது. அதனோடு ஒப்பிட்டுத் தெரிந்தெடுத்த சோதனை முறையை உலகச் சுகாதார நிறுவனம் சனவரி 13இல் வெளியிட்டது. நோயாளியிடமிருந்து எடுத்த நச்சுயிரியின் மாதிரி எதுவும் அதுவரை பெர்லின் ஆய்வகத்தாருக்குக் கிட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆர்.டி.பி.சி.ஆர். என நாம் அனைவரும் சொல்லப் பழகிவிட்ட அச்சோதனை நடைபெறும் முறை நயமானது. மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் பஞ்சுக்குச்சியால் எடுத்த நீரில் நச்சுயிரியின் ஆர்.என்.ஏ. மிகச் சிறிதளவே இருக்கும். அதனை முதலில் டி.என்.ஏ. வடிவிற்கு மாற்றுவர். அங்ஙனம் மாற்றும் நொதியை 1970இல் தெமின், பால்டிமோர் என்னும் இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். பின்னர் அந்த டி.என்.ஏ.வைச் சுடவைத்தும் ஆறவைத்தும் படியெடுப்பர். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்து வைக்கச் சொன்ன பழங்கதை நினைவிற்கு வருகின்றது. 30 சுற்றுகள் முடியும்போது ஒரு படி 107 கோடிப் படிகளாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 95 பாகை வெப்பம் தாங்கும் நொதி இதற்கு வேண்டும். அந்நொதி, அமெரிக்காவின் எல்லோசுடோன் வெந்நீரூற்றுகளில் 1960களில் தாமசு பிராக் கண்டறிந்த பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. கொதிநீரில் எவ்வுயிர் வாழும் என்று தேடியவர் அவர். எந்த நோயையும் மனத்திற்கொண்டு அதனைச் செய்தாரல்லர்.

தடுப்பூசியின் கதையும் இத்தகையதே. நச்சுயிரியின் மேற்புறத்துள்ள முள் போன்ற புரதமே நம் உயிரணுவைப் பற்றிக்கொள்வது. அப்புரதம் எளிதில் உருத்திரியும். திரிந்த உருவை உடல் கற்றுக்கொள்வதாற் பயன் குறைவு. 2012இல் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட மெர்ஸ் நோயின் நச்சுயிரியை ஆராய்ந்தபோதே, பார்னி கிரகாம், சேசன் மெக்லெலன் முதலியோர் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி அவ்வுருவை நிலைநிறுத்தும் வழியைக் கண்டிருந்தனர். செய்தி ஆர்.என்.ஏ.வை உடல் பகையெனக் கருதிச் சீறாதவாறு திருத்தும் முறையைக் கத்தலின் கரிக்கோவும் துரூ வைசுமனும் 2005இல் வெளியிட்டனர். அவ்விருவர்க்கும் 2023இல் நோபல் பரிசு கிட்டியது. ஆக, ஓராண்டு வேலை என நாம் கண்டது பல்லாண்டு வேலையின் இறுதிப் பகுதியே.

மக்களிடம் நடத்திய ஆய்வில் ஆட்களைக் குறைக்கவில்லை. பைசர், பயோன்டெக் நிறுவனங்களின் ஆய்வில் 43,000க்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர். பாதிப்பேருக்கு உண்மை ஊசியும், மீதிப்பேருக்கு வெறும் உப்புநீரும் இடப்பட்டன. எவர்க்கு எது என்பதை இட்டுக்கொண்டவரும் அறியார், நோயை ஆய்ந்தவரும் அறியார். பின்னர் நோயுற்றோர் 170 பேர். அவருள் உப்புநீர் பெற்றோர் 162, ஊசி பெற்றோர் 8. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்னும் கணக்கு இதினின்றே பிறந்தது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் கட்டங்களை ஒருங்கே நடத்தியதும், முடிவு தெரியுமுன்னரே அரசுகள் பொருள் தந்து ஊசியை ஆக்கச் செய்ததுமே காலத்தை மிச்சப்படுத்தின. எனினும், கோடிக்கணக்கானோர்க்கு இட்ட பின்னரே வெளிப்பட்ட அரிய தீங்குகளும் உண்டு; இளைஞர் சிலர்க்கு இதயத்தசை அழற்சியும், வேறுவகை ஊசியால் சிலர்க்குக் குருதியுறைவும் நேர்ந்தன. நம் நாட்டில் கோவாக்சின் ஊசிக்கு மூன்றாங்கட்ட ஆய்வின் முடிவு வருமுன்னரே 2021 சனவரியில் ஒப்புதல் அளித்தனர். ஊசி பின்னர்ப் பயனுடையதென்றே தெரிந்தது. ஆயினும் அவ்வொப்புதல் மக்களின் ஐயத்தை வளர்த்தது என்பதே நம் கருத்து.

மருந்தைப் பொறுத்தவரை, நம்பிக்கைக்கும் சான்றுக்கும் உள்ள இடைவெளி பெரிதாயிருந்தது. ஐடிராக்சி குளோரோகுயினை உலகமே நாடியது. குணமடைந்தோரின் குருதிநீர்க்கு நம் நகரங்களில் உறவினர் அலைந்தனர். இந்தியாவில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் அக்குருதிநீரால் உயிரிழப்புக் குறையவில்லை எனத் தெரிந்தது. இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு முன்னதையும் பயனற்றதெனக் காட்டியது. அதே ஆய்வுதான் 2020 சூன் 16இல் நற்செய்தி ஒன்றைத் தந்தது. டெக்சாமெத்தசோன் என்னும் பழைய, மலிவான மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை நூற்றுக்கு 41இலிருந்து 29ஆகக் குறைத்தது. நச்சுயிரியை அது கொல்வதில்லை. உடலின் மிகைச்சீற்றத்தை அடக்குகின்றது. உயிர்வளி தேவைப்படாத நோயாளிகட்கோ அதனால் பயனில்லை. தீங்கு நேரலாம் என்னும் குறிப்பே தென்பட்டது.

முடிவின் முற்பாதி நம் நாட்டில் பரவிய அளவிற்குப் பிற்பாதி பரவவில்லை. 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் உயிர்வளி தேவைப்படாதோரும் வீட்டிலிருந்தே இவ்வகை மருந்துகளை உண்டனர். குருதியில் சர்க்கரை ஏறியது, நோயெதிர்ப்புத் தாழ்ந்தது, கரும்பூஞ்சை நோய் புகுந்தது. அவ்வாண்டு சூன் இறுதிக்குள் 40,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். அவருள் பெரும்பாலோர் நீரிழிவு உடையோர். கொரோனாவிலிருந்து மீண்டபின் கண்ணை இழந்தோரும் அவருள் இருந்தனர்.