சிரித்தால் சொல் ஒட்டும்

1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்து நின்றது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளுக்குள் அடைபட்டவர்களின் பாடு அவர்களோடு போயிற்று. வெளியூரில் இருந்தவர்களுக்கு அது வெறும் செய்தி. 2020 மார்ச்சில் கொரோனாவால் வந்த முற்றுகை அப்படிப்பட்டதல்ல. மார்ச் 17 அன்று தொல்லியல் துறை நாடெங்கும் தன் நினைவுச் சின்னங்களை மூடியபோது செஞ்சிக் கோட்டையும் பூட்டப்பட்டது. மார்ச் 25 முதல் ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் இருந்தது. அதே நாட்களில் லண்டனும் நியூயார்க்கும் கதவைச் சாத்திக்கொண்டன.

எல்லோரும் ஒரே நிலையில் இருந்ததில் மொழி கற்பவர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு ஒளிந்திருந்தது. அன்று கைப்பேசியில் குவிந்த வேடிக்கைக் காணொளிகளை நினைத்துப் பாருங்கள். வீட்டிலேயே முடிவெட்டப் போய் தலையைக் கோரமாக்கும் கணவன், காய்கறிப் பைக்குக் குளியல் போடும் அம்மா, அலுவலகக் கூட்டத்தில் மேலே சட்டையும் கீழே அரைக்கால் சட்டையுமாக அமர்ந்திருக்கும் அதிகாரி. பேசியது ஆங்கிலமாக இருந்தாலும் கதை நம்முடையது. அடுத்து என்ன நடக்கும் என்பது செஞ்சியில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

புதுமொழி கற்பதில் பெரிய தடை இங்கேதான் இருக்கிறது. பாடநூலில் வரும் பனிச்சறுக்குக் கதையில் சொல்லும் புதிது, சூழலும் புதிது. மூளை இரண்டையும் ஒரே நேரத்தில் சுமக்கிறது. ஊரடங்குக் காணொளியில் சூழல் முன்பே கையில் இருந்தது. சொல் மட்டும்தான் புதிது. 'யூ ஆர் ஆன் மியூட்' என்று ஒருவர் கத்த, எதிரே உள்ளவர் ஒலி இல்லாமல் வாயசைத்துக்கொண்டே போனால், அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. பொருள் முதலில் வந்துவிடுகிறது, சொல் அதன் மேல் உட்காருகிறது. தாய்மொழியைக் குழந்தை கற்பதும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான்.

சரி, சிரிப்பு எங்கே உதவுகிறது? 1980இல் கலிபோர்னியாவில் மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ரொட்டியின் மேல் வெண்ணெய் தடவுவதாகப் போக வேண்டிய வாக்கியம் காலுறையில் போய் முடிந்தது. அந்தப் பொருந்தாத சொல்லைப் படித்தவர்களின் மூளையில், சுமார் 400 மில்லி நொடியில் தெளிவான ஒரு மின் அலை எழுந்தது. கண் இமைக்கும் நேரத்துக்குள் மூளை 'இது இங்கே சேராதே' என்று கண்டுகொண்டு, அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிடுகிறது. நகைச்சுவை வாழ்வதே இந்தப் பொருந்தாமையில்தான். புதிர் அவிழ்ந்து சிரிப்பு வரும் நொடியில், பரிசு கிடைத்தால் விழித்துக்கொள்ளும் மூளைப்பகுதிகள் விழித்துக்கொள்வதை 2003இல் டீன் மாப்ஸ் குழுவினர் மூளைப் படங்களில் பார்த்தார்கள்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநில நீதிமன்றம் ஒன்றின் காணொளி விசாரணையில், வழக்கறிஞர் ஒருவரின் முகத்துக்குப் பதிலாகப் பூனைக்குட்டி முகம் திரையில் வந்தது. பதறிப்போன அவர் தான் பூனை இல்லை என்று நீதிபதியிடம் சொன்னார். 'ஐ ஆம் நாட் எ கேட்'. ஆரம்பப் பள்ளி இலக்கணம்தான். வகுப்பில் ஐம்பது முறை சொன்னாலும் யார் மனதிலும் நிற்காத அந்த வாக்கியம், உலகம் முழுவதும் நினைவில் தங்கிவிட்டது.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. 1994இல் ஸ்டீபன் ஷ்மிட் என்ற உளவியலாளர், நகைச்சுவை வாக்கியங்களையும் சாதாரண வாக்கியங்களையும் கலந்து கொடுத்தார். நகைச்சுவையானவையே அதிகம் நினைவில் நின்றன. ஒருவருக்கு முழுக்க நகைச்சுவை, இன்னொருவருக்கு முழுக்கச் சாதாரணம் என்று பிரித்துக் கொடுத்தபோது அந்த மேன்மை காணாமற்போயிற்று. சிரிப்பு தனித்துத் தெரிந்தால்தான் அதற்கு வலிமை. இரவெல்லாம் காணொளியை விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு ஏன் ஒரு சொல்லும் மிஞ்சுவதில்லை என்பதற்கு இதில் ஒரு காரணம் கிடைக்கிறது.

திரையின் அடியில் ஓடும் எழுத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்து மாணவர்கள் ஓர் ஆஸ்திரேலிய நகைச்சுவைத் தொடரையோ ஒரு ஸ்காட்லாந்துப் படத்தையோ பார்த்தார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களின் காது அந்தப் பழகாத உச்சரிப்புக்கு நன்றாகப் பழகியது. தாய்மொழி எழுத்தோடு பார்த்தவர்களுக்குக் கதை புரிந்தது, காது பழகவில்லை. உச்சரிப்பு பிடிபட வேண்டுமென்றால், ஆங்கில ஒலிக்கு ஆங்கில எழுத்தே துணை.

திரையால் முடியாத ஒன்றும் உண்டு. 2003இல் பட்ரீசியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி கேட்க வைத்தார்கள். ஆள் நேரில் அமர்ந்து விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் திரையிலிருந்து கற்பார்கள் என்றாலும், வாய் திறந்து பேச எதிரே ஓர் ஆள் வேண்டும். பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அது போதாதென்றுதான் 2021 அக்டோபரில், தன்னார்வலர்கள் வீட்டருகே கற்பிக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. செஞ்சி இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியில்தான் அது தொடங்கி வைக்கப்பட்டது. பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் உட்கார்ந்து சொல்லித்தந்ததைத் திரை ஈடுசெய்யாது.

அப்படியானால் செய்ய வேண்டியது இதுதான். ஒரு நிமிடக் காணொளி ஒன்றே ஒன்று. முதலில் எழுத்தில்லாமல் பாருங்கள், அடுத்து ஆங்கில எழுத்தோடு. பிறகு திரையை அணைத்துவிட்டு, வந்த வசனங்களை நினைவிலிருந்து சொல்லுங்கள். முக்கியமான படி இதுவே. 2008இல் கார்ப்பிக், ரோடிகர் இருவரும் 40 சுவாஹிலிச் சொற்களை மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்து சொல்லிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பின் ஏறத்தாழ 80 சதவீதம் நினைவிருந்தது. ஒருமுறை சரியாகச் சொன்னதும் நினைவுகூர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான். கடைசியாக, தம்பியோ தோழியோ எதிரே நிற்க, அந்தக் காட்சியை நீங்களே நடித்துக் காட்டுங்கள்.

தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற பயம்தான் நம் பிள்ளைகளின் வாயைக் கட்டியிருக்கிறது. வேடிக்கைக் காட்சியை நடிக்கும்போது சிரிப்பு பேசுகிறவரைப் பார்த்து வருவதில்லை, அவர் சொன்னதைக் கேட்டு வருகிறது. வகுப்பில் சிரிப்பு எழுந்தால் மேசையைத் தட்டி அடக்கும் ஆசிரியர்கள், ஆங்கிலப் பாடவேளையில் தினம் பத்து நிமிடமாவது அதை வரவேற்க வேண்டும்.