கொடியில் துணி காயாத தெரு

மக்காச்சோளம் வீடு வந்து சேர்ந்தபின், மாசியில் நானும் என் மனைவியும் பினாங்கு போனோம். மூன்று இரவு, நான்கு பகல். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் கோயில், விசேஷம், காரியம் எதுவும் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பியது அதுதான் முதல் தடவை. நைனார்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, “அங்க யாரு இருக்காங்க?” என்று கேட்டவர்களிடம், “யாரும் இல்ல, சும்மாதான் போறோம்” என்றோம். அவர்களுக்கு அது புரியவில்லை.

சும்மா இருப்பதற்கு ஏற்ற ஊர், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன். 2023 டிசம்பரிலிருந்து மலேசியா போக நமக்கு விசா வேண்டாம். முப்பது நாள்வரை தங்கலாம். இணையத்தில் வருகை அட்டையை மட்டும், போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சென்னையிலிருந்து நேரடி விமானமும் வந்துவிட்டது. ஊருக்குள் சுற்றிவர இலவச பஸ் ஓடுகிறது. குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலில் இருந்து நாலு எட்டு வைத்தால் பூக்கடை, இட்லிக்கடை, தமிழ்ப் பேச்சு. வழி கேட்கக்கூட மலாய் தேவைப்படவில்லை.

மதியம் நாசி கண்டார் சாப்பிட்டோம். சோற்றையும் குழம்பையும் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு அது. அந்தக் காவடிச் சுமைக்கு மலாயில் உள்ள சொல்தான் ‘கண்டார்’. நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றித் தந்தார்கள். என் மனைவி அதை ரசித்துச் சாப்பிட்டாள். பினாங்குமலைக்கு ரயிலில் ஏறினோம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படி. முட்டிவலியோடு அவள் நின்று நின்று ஏறினாள், நானும் கூடவே நின்றேன். எங்கேயும் எங்களுக்கு அவசரம் இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆர்மேனியன் தெருவுக்குப் போனோம். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிக் 2012-இல் வரைந்த, சைக்கிளில் போகும் பிள்ளைகள் படம் அங்கே சுவரில் இருக்கிறது. படம் பிடிக்க ஜோடி ஜோடியாக வரிசையில் நின்றார்கள். நாங்களும் நின்றோம். அப்போது என் மனைவி அண்ணாந்து மாடிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏங்க, இந்தத் தெருவுல ஒரு வீட்டுலகூடக் கொடியில துணி காயலையே. மனுசங்க இருக்காங்களா, இல்லையா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் ஊரை ரசிக்க முடியவில்லை.

கீழே கடை, மேலே குடும்பம் என்று கட்டப்பட்ட வீடுகள் அவை. கடைக்கு முன்னால், தெரு நெடுகத் தொடர்ந்து ஓடும் ஐந்தடி நடைபாதை. நம் திண்ணைகளையெல்லாம் ஒன்றாக இணைத்துக் கூரை போட்டதுபோல. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தவரை பிரம்பு முடைபவரும் சாம்பிராணிக்குச்சி திரிப்பவரும் கைக்கு எட்டிய வாடகையில் அங்கேயே தொழில் செய்து, அங்கேயே தூங்கினார்கள். 2000 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாடு போனது. வாடகை பல மடங்கு ஏறியது. குடும்பங்கள் வெளியே போயின. காலியான சில வீடுகளில் கூட்டை விற்பதற்காக உழவாரக் குருவிகளை வளர்த்தார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அதன்பின் விடுதிகளும் காபிக்கடைகளும் வந்தன. சுற்றுலாப் பணம் வராவிட்டால் அந்த வீடுகள் இடிந்தே போயிருக்கும் என்கிறவர்களும் உண்டு. சுவர் நிற்கிறது, சரி. அதற்குள் வாழ்ந்தவர்கள் எங்கே?

எனக்கு எங்கள் பக்கத்துக் கல்வராயன்மலையில் இருக்கும் வெள்ளிமலை நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன்மலை ஏறும் கார்களைப் பார்க்கிறேன். பெரியார் அருவியும் மேகம் அருவியும் எல்லார் செல்போனிலும் இருக்கின்றன. கோடை விழாவும் நடக்கிறது. கூட்டம் இன்னும் பெருகும், பெருகட்டும். ஆனால் அந்த மலையைப் பரம்பரையாக ஆண்ட ஜாகிர்தார்களின் பிடி விலகியதே 1976-இல்தான். சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் மண்ணில் நிமிர்ந்து ஐம்பது வருஷம்தான் ஆகிறது. ‘நல்ல வியூ’ என்று பணக்கட்டோடு வருகிறவனுக்குக் காடு கைமாறினால், மலை அப்படியே இருக்கும். மலைக்காரர் அடிவாரத்தில் கூலிக்கு நிற்பார். ஜார்ஜ் டவுனில் நடந்ததற்கு இருபது வருஷம் பிடித்தது. இங்கே அவ்வளவு காலம்கூட ஆகாது.

கடைசி நாள் அந்தக் காபிக்கடைகள் பக்கம் போகவில்லை. மனைவியின் விருப்பப்படி, சியூ என்ற சீனக் குலத்தாரின், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீட்டுப் படகுத்துறைக்குப் போனோம். முன்வரிசையில் நினைவுப்பொருள் கடைகள்தான். உள்ளே போகப் போக வாசலில் செருப்புகள், பூச்சட்டிகள், கடைசி வீடுகளில் கொடி நிறையத் துணி. அவள் அங்கேதான் வெகுநேரம் நின்றாள்.

ஜோடியாகக் கல்வராயன்மலை போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊர்க்காரர் வீட்டில் ஓர் அறை கிடைத்தால் அங்கே தங்குங்கள், அவர்கள் ஆக்கிப்போடும் சாமைச் சோற்றைக் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். மலையில் இருக்கிறவர்களிடமும் ஒன்று: அறையை வாடகைக்கு விடுங்கள், நிலத்தை விற்காதீர்கள்.