தீவனமும் கொழுப்பும்

பன்றி என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க. நம் ஜொகூரில் செம்பனைப் பருப்பைப் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கை மாடு நன்கு செரிக்கும்; நார் மிகுதியால் பன்றிக்கு அளவோடுதான் கலக்க வேண்டும். ஆனால் எனக்கு வியப்பளித்தது நாரன்று, கொழுப்பு.

மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் தீவனத்தின் நிறைவுறாக் கொழுப்பைப் பெரும்பாலும் நிறைவுற்றதாக மாற்றிவிடும். பன்றிக்கு அவ்வசதி இல்லை. தின்ற கொழுப்பு அதிகம் மாறாமலே உடலில் படியும். நிலக்கடலை தின்றால் கொழுப்பு இளகும். அமெரிக்க வணிகர்கள் அத்தகைய இறைச்சிக்கு விலையைக் குறைத்தனர். 1926இல் எல்லிஸும் இஸ்பெல்லும் காரணத்தை விளக்கினர். மாவுச்சத்து மிகுந்தாலோ, உடலே கெட்டியான கொழுப்பைத் தயாரித்துக்கொள்ளும். ஆனால் லினோலெயிக் அமிலத்தைப் பன்றியால் தயாரிக்க இயலாது. எனவே கொழுப்பில் அதன் அளவைக் கொண்டே தீவனத்தை ஊகிக்கலாம்.

நமக்கும் ஒற்றை இரைப்பைதான். உணவகத்தில் நாம் தின்னும் எண்ணெயின் கணக்கும் இடுப்பில் அப்படித்தான் பதிவாகிறது.